டிரங்குப் பெட்டியும் தீப்பெட்டியும்

கேள்வி: என் அம்மா 1950களின் கடைசியிலிருந்து 1970களின் நடுப்பகுதிவரை தமிழிலும் தெலுங்கிலும் நடித்தவர். கதாநாயகியாகச் சில படங்கள், இரண்டாவது நாயகியாக நிறைய, பிறகு அக்கா, அண்ணி வேடங்கள். இப்போது வயது 86. "என் கதையை நீ எழுதிக் கொடு" என்கிறார். அவருடைய மூன்று டிரங்குப் பெட்டிகளைத் திறந்தேன். கால்ஷீட் டைரிகள், கணக்கு நோட்டுகள், ஒப்பந்தங்கள், ஆல்பங்கள், ரசிகர் கடிதங்கள் இருக்கின்றன. பிரபல நடிகர் ஒருவர் அம்மாவுக்கு எழுதிய கடிதக் கட்டும் இருக்கிறது. அவர் காலமாகிவிட்டார், அவர் மனைவி இருக்கிறார். ஒரு பெரிய படத்திலிருந்து தானே விலகி வந்ததாக அம்மா எப்போதும் சொல்வார். பெட்டியிலோ, கால்ஷீட் குளறுபடிக்காக அவரை நீக்கியதாகத் தயாரிப்பாளர் அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் இருக்கிறது. அம்மா சொல்வதை எழுதுவதா, காகிதம் சொல்வதை எழுதுவதா? அந்த நடிகரின் கடிதங்களைச் சேர்த்தால்தான் புத்தகம் போடுவோம் என்கிறது ஒரு பதிப்பகம். "எல்லாத்தையும் கொளுத்திடு" என்கிறான் அண்ணன். ஒரு டைரிப் பக்கத்தின் நகலை இணைத்திருக்கிறேன்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அண்ணன் கையிலிருந்து தீப்பெட்டியை வாங்கி வைத்துவிடுங்கள். பெட்டிகள் அவருடையவை அல்ல, உங்களுடையவையும் அல்ல. உங்கள் அம்மா உயிரோடு, நினைவோடு இருக்கிறார். எதை வைப்பது, எதை அழிப்பது, எதை அச்சுக்குக் கொடுப்பது என்று சொல்ல வேண்டியவர் அவர் ஒருவர்தான். மூன்று பக்கக் கடிதத்தில் பதிப்பகத்தின் விருப்பம் இருக்கிறது, அண்ணனின் விருப்பம் இருக்கிறது, உங்கள் குழப்பம் இருக்கிறது. கடிதக் கட்டை என்ன செய்யலாம் என்று அம்மாவிடம் கேட்டதாக மட்டும் ஒரு வரி இல்லை. கேட்டுவிடுங்கள். இருபதாண்டுகளாகப் பிறருடைய தன்வரலாறுகளைத் தொகுத்துப் பதிப்பித்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தக் கேள்வியைத் தள்ளிப்போடும் குடும்பங்கள்தாம் பிற்பாடு கோர்ட்டில் சந்தித்துக்கொள்கின்றன.

அண்ணனின் பயத்தை நான் கேலி செய்யவில்லை. நடிகையின் அந்தரங்கத்தை அச்சடித்து விற்பது நம் ஊரில் பழைய தொழில். அப்படி எழுதிப் பிழைத்த லட்சுமிகாந்தன் 1944இல் குத்திக் கொல்லப்பட்டதும், அந்த வழக்கில் நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் சிறைக்குப் போய் 1947இல்தான் வெளியே வந்ததும் உங்கள் அம்மாவின் தலைமுறை சொல்லிக் கேட்டு வளர்ந்த கதை. அந்தச் சூழலில் ஒரு நடிகையின் பிள்ளையாக வளர்ந்தவருக்குக் காகிதக் கட்டைப் பார்த்ததும் நெருப்பு நினைவுக்கு வருவதில் ஆச்சரியமில்லை. ஆனால் கொளுத்துவதற்கும் அச்சிடுவதற்கும் நடுவே இன்னொரு வழி உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது நீங்கள் அனுப்பிய டைரிப் பக்கத்துக்கு வருகிறேன். அதை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1963, ஒரு செவ்வாய்க்கிழமை. மேலே "7–1 வாஹினி, 2–9 ஏவிஎம்". அதன் கீழே "பச்சை பார்டர், வெள்ளை ஜாக்கெட், வலது கை வளையல் 4". அடுத்து "டச்சப் பையன் 2 ரூ." அதற்கும் கீழே "அத்தைக்கு ஊசி". பக்கத்தின் அடியில் "மாமா 500", பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறி மட்டும் வேறு பேனாவில் போட்டது, நகலிலேயே தெரிகிறது.

இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி ஒரே நாளில் இரண்டு ஸ்டூடியோவில், இரண்டு வேறு படங்களில், இரண்டு வேறு ஆளாக நின்றிருக்கிறாள். கன்டினியூட்டிக்காக, அதாவது ஒரே காட்சியை வேறு நாளில் எடுத்தாலும் தோற்றம் மாறாமலிருக்க, எந்தக் கையில் எத்தனை வளையல் என்று தானே குறித்துக்கொண்டிருக்கிறாள். வீட்டில் அத்தைக்கு ஊசி போட ஆள் வந்தாரா என்பதும் அவள் தலையில்தான். அவ்வளவு உழைத்த பணத்தில் ஐந்நூறு மாமாவிடம் போயிருக்கிறது. பின்னாளில் எப்போதோ ஒரு நாள் இதே டைரியை எடுத்துப் பார்த்து, அந்த ஐந்நூறுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறாள். எப்போது போட்டாள்? கல்யாணத்துக்கு முன்பா, பட வாய்ப்பு குறைந்த பிறகா? மாமாவிடம் கேட்டாளா? என்ன பதில் வந்தது?

பதிப்பகம் உங்களிடம் கேட்பது நடிகரின் கடிதக் கட்டை. நான் கேட்பது இந்தக் கணக்கு நோட்டுகளை. காதல் கடிதம் போட்ட நடிகர்களைப் பற்றி ஊர் முழுக்கப் பேசியாகிவிட்டது. சம்பாதித்த நடிகையின் பணம் எந்தக் கை வழியாக எந்தக் கைக்குப் போனது, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை எவ்வளவு, கையில் வந்தது எவ்வளவு, எந்தக் கம்பெனி செக் திரும்பி வந்தது, மேக்கப்மேனுக்கும் ஹேர்டிரஸ்ஸருக்கும் யார் பேட்டா கொடுத்தார்கள் என்பதை நடிகையின் கையெழுத்திலேயே காட்டும் புத்தகம் தமிழில் எனக்குத் தெரிந்து அரிது. உங்கள் அம்மா அதை வைத்திருக்கிறார். (ஒரு சின்னச் சந்தேகம்: கொளுத்தச் சொல்லும் அண்ணன் கடிதக் கட்டை மட்டும்தான் பார்த்தாரா, கணக்கு நோட்டையும் பார்த்தாரா?)

இனி, உங்களை அதிகம் வருத்தும் விஷயம். "அம்மா இத்தனை வருஷமாகப் பொய் சொன்னாரா" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். வக்கீல் நோட்டீஸ் என்பது தீர்ப்பு அல்ல. ஒரு தரப்பு தன் வக்கீலிடம் சொன்னதை வக்கீல் தன் பாஷையில் எழுதியது. தயாரிப்பாளர் கொடுத்த அட்வான்ஸைத் திரும்பக் கேட்க வேண்டுமென்றால், "நடிகை விலகினார்" என்பதைவிட "கால்ஷீட் தராததால் நீக்கினோம்" என்பது அவருக்கு வசதி. நோட்டீஸ் வந்திருந்தால் பதில் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் எல்லாவற்றுக்கும் கார்பன் நகல் உண்டு. மெல்லிய, நீல எழுத்துத் தாள் ஏதாவது இருக்கிறதா, பதிவுத் தபாலின் ஒப்புதல் அட்டை இருக்கிறதா என்று அதே கட்டில் தேடுங்கள். அந்த மாதத்து கால்ஷீட் டைரியையும் எடுங்கள். அந்தப் படத்துக்கு ஒதுக்கிய தேதிகள் அடித்துத் திருத்தப்பட்டிருக்கின்றனவா, படப்பிடிப்பு ரத்து என்று எங்காவது எழுதியிருக்கிறதா? அம்மா போய்க் காத்திருந்து திரும்பிய நாட்கள் அதில் இருந்தால் கதையே வேறு.

ஒருவேளை காகிதங்கள் எல்லாம் தயாரிப்பாளர் பக்கமே பேசுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் அம்மா சொன்னதைத்தான் முதலில் எழுத வேண்டும், அவர் சொன்னபடியே. அதற்கப்புறம் ஒரு நாள் அந்த நோட்டீஸை அவர் கையில் கொடுங்கள். "நீ சொன்னது ஒண்ணு, இது ஒண்ணு" என்று நீட்டாதீர்கள், "இது என்னம்மா?" என்று கேட்டால் போதும். அவர் சிரிக்கலாம், கோபப்படலாம், "அவன் அப்படித்தான் எழுதுவான்" என்று கிழித்துப்போட வரலாம் (முன்னதாகவே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்). இல்லையென்றால் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லலாம். என்ன சொன்னாலும் அது அவருடைய அத்தியாயம். அவர் நினைவைக் காகிதத்துக்கு ஏற்றாற்போல் நீங்களே திருத்தி எழுதிவிட்டால் அது அவர் கதையாக இருக்காது. காகிதத்தை மறைத்தாலோ, இன்னொரு பெட்டியிலிருந்து அதே நோட்டீஸின் மறு நகல் வெளியே வரும் நாளில் புத்தகம் முழுவதும் சந்தேகத்துக்கு உள்ளாகும். தயாரிப்பாளர் வீட்டிலும் டிரங்குப் பெட்டி இருக்கும் அல்லவா?

தேதிகள் வேறு. அங்கே காகிதத்துக்குத்தான் முதல் மரியாதை. நடிகர்கள் படத்தை வெளியான வருடத்தை வைத்துச் சொல்வார்கள். வேலை செய்ததோ இரண்டு வருடம் முன்பாக இருக்கும். பாட்டுப் புத்தகங்கள் பெட்டியில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடியும் அந்தக் கதைச் சுருக்கத்துக்கு முன்பக்கத்தில்தான் நடிகர் பட்டியலும் தொழில்நுட்பக் கலைஞர் பெயர்களும் இருக்கும். உங்களிடம் இல்லாதவற்றைத் தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் தேடலாம். பேசும் படம், குண்டூசி போன்ற பழைய சினிமா இதழ்களையும் அங்கே கேட்டுப் பாருங்கள். ஆனால் கிசுகிசுப் பத்தியை ஆதாரமாகக் கொள்ள வேண்டாம், அது அம்மாவைப் புகழ்ந்திருந்தாலும்.

அம்மாவைப் பேசவைக்கும் விதம் பற்றிக் கொஞ்சம். 86 வயதில் காலை நேரம்தான் நல்ல நேரம். முக்கால் மணிக்கு மேல் வேண்டாம். போனில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். கேள்விப் பட்டியல் வாசிக்காமல், ஒரு பொருளைக் கையில் கொடுங்கள்: ஒரு ஸ்டில், ஒரு டைரிப் பக்கம், நகைக் கடைச் சீட்டு. "எந்த வருஷம்மா?" என்று கேட்டால் தடுமாறுவார். "அப்போ எந்த வீட்டில் இருந்தோம், என்ன கார்?" என்று கேளுங்கள். கோடம்பாக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு நல்ல கேள்வி இருக்கிறது: "ரயில்வே கேட்டில் கார் நிக்குமே, அப்பவா, இல்ல பாலம் வந்த பிறகா?" கேட் மூடியிருக்கும்போது காருக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கக் கூட்டம் கூடிய காலத்தை அவர்கள் மறப்பதில்லை. பாலம் 1960களில் வந்தது. சம்பவம் அதற்கு முன்பா பின்பா என்பது அதிலேயே பிடிபட்டுவிடும்.

எழுதும்போது அவர் பேச்சை அப்படியே விடுங்கள். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் எழுதிய வசனத்தைப் பேசியவர் அவர். இப்போதாவது அவர் சொந்த வாயில் பேசட்டுமே! "அன்று நான் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவே இல்லை" என்று நீங்கள் ஒரு வரி எழுதினால் அதை நானே அடித்துவிடுவேன். மராத்தி நடிகை ஹம்சா வாட்கர் தன் கதையை வாயால் சொல்ல, பத்திரிகையாளர் அருண் சாது எழுதிக்கொண்டார். 1970இல் புத்தகமாக வந்து, பிறகு ஷியாம் பெனகலின் ஒரு படத்துக்கே ஆதாரமானது. குடி, ஓடிப்போனது, திரும்பி வந்தது எதையும் மெழுகாமல் சொல்லும் அந்தக் குரலால்தான் அது இன்றும் படிக்கப்படுகிறது.

கடிதக் கட்டுக்கு வருவோம். காகிதம் உங்கள் அம்மாவுடையது. அதில் உள்ள எழுத்து அவருடையது அல்ல. கடிதத்தின் பதிப்புரிமை எழுதியவருக்கு, அவருக்குப் பின் அவர் வாரிசுகளுக்கு. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 ஆண்டுகள் என்ற கணக்கு எல்லாருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது 24ஆவது பிரிவு: எழுதியவர் இருக்கும்போது வெளியாகாத எழுத்து, அவர் இறந்த பிறகு முதன்முதலாக அச்சானால், அச்சான ஆண்டுக்கு மறு ஆண்டிலிருந்துதான் 60 ஆண்டு ஓடத் தொடங்கும். ஆகவே "அவர் போய் எவ்வளவோ வருஷமாச்சு" என்று பதிப்பகம் சொன்னால் நம்பாதீர்கள். அந்த நடிகரின் வாரிசுகள் எழுத்து மூலம் சம்மதிக்காமல் அவர் வாசகங்களை அச்சிட முடியாது. கடிதத்தில் என்ன செய்தி இருந்தது, அதைப் படித்தபோது தனக்கு என்ன தோன்றியது என்று அம்மா தன் சொற்களில் சொல்வதைப் பதிப்புரிமை தடுக்காது.

பதிப்புரிமைக்கு அப்பால், அந்தரங்கம். ஜெயலலிதாவின் வாழ்க்கையைப் படமாக்குவதை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தொடர்ந்த வழக்கில், ஒருவருடைய அந்தரங்க உரிமை அவரோடு முடிந்துபோகிறது, வாரிசுக்குச் சொத்துபோல வராது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் சொன்னது. அதனால் இறந்த நடிகரைப் பற்றி எதையும் எழுதலாம் என்று நினைத்துவிட வேண்டாம். இறந்தவரைப் பற்றிய பழிச்சொல் குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கத்தில் இருந்தால் அதுவும் அவதூறு. இப்போது நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. அதைவிட முக்கியம், அவர் மனைவி. அந்தக் கடிதங்களில் அவரைப் பற்றியும் நாலு வரி இல்லாமலா இருக்கும்? உயிரோடு இருப்பவரின் குடும்பம், திருமணம் சார்ந்த விஷயங்களை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்று, ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் வெளியிட முனைந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1994இலேயே சொல்லிவிட்டது. பொது ஆவணத்தில் ஏற்கெனவே உள்ளவை அதற்கு முக்கிய விலக்கு. சட்டம் கிடக்கட்டும். அறுபது வருஷம் கழித்து ஒரு வயதான பெண்மணி பேரப்பிள்ளைகள் முன்னிலையில் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா அது? என் யோசனை: அச்சில் வேண்டாம்.

அச்சில் வேண்டாம் என்றால் அடுப்பில் போடுங்கள் என்று அர்த்தமில்லை. நான் சொல்வதாகச் சொன்ன நடுவழி இதுதான். ஹாலிவுட் நடிகை கிரேட்டா கார்போ தனக்கு எழுதிய கடிதங்களை அவருடைய தோழி மெர்சிடிஸ் டி அகோஸ்டா, ஃபிலடெல்ஃபியாவில் உள்ள ரோசன்பாக் நூலகத்தில் ஒப்படைத்தார். இருவரும் இறந்து பத்தாண்டு ஆன பிறகே திறக்க வேண்டும் என்பது நிபந்தனை. கார்போ 1990இல் இறந்தார், 2000இல் கட்டைப் பிரித்தார்கள். உலகமே எதிர்பார்த்த ரகசியம் எதுவும் அதில் இல்லை! நட்பும் உடல்நலமும் அன்றாட விசாரிப்புகளும்தான். உங்கள் பெட்டியிலும் அப்படி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அம்மா சம்மதித்தால் கட்டை உறையிட்டு, மேலே இன்ன தேதிக்கு முன் திறக்கக் கூடாது என்று எழுதி, அவர் கையெழுத்தோடு ஒரு நூலகத்திடம் கொடுத்துவிடலாம். ரோஜா முத்தையா நூலகத்தையோ புணேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தையோ அணுகி, எந்த நிபந்தனையை ஏற்பார்கள் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். "வேண்டாம், என் கண்ணெதிரே எரித்துவிடு" என்று அம்மாவே சொன்னால்? எனக்கு மனசு கேட்காது. ஆனாலும் செய்யத்தான் வேண்டும்.

பெட்டிகளைக் கையாளும் விதம் பற்றிச் சுருக்கமாக. எதையும் கலைத்து அடுக்காதீர்கள். எந்தக் கட்டில் எது இருந்தது என்பதே ஒரு தகவல். திறந்தபடி ஒரு படம் எடுத்து, கட்டுகளுக்குப் பென்சிலால் எண் போடுங்கள். துருப்பிடித்த குண்டூசியையும் ஜெம் கிளிப்பையும் பக்குவமாகக் கழற்றுங்கள். செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். லேமினேஷன் செய்தால் காகிதம் போனது போனதுதான். வெயிலில் காயப்போட்டால் மை வெளுத்துவிடும். பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல் பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். கடிதத்துக்கு 300 டிபிஐ, படத்துக்கு 600 போதும். புளித்த காடி வாசனை அடிக்கும் நெகட்டிவ்களை உடனே தனியே பிரித்துவிடுங்கள், மற்றதையும் கெடுக்கும்.

படங்களை அச்சிடுவதிலும் ஒரு விஷயம். பட ஸ்டில்கள் பெரும்பாலும் தயாரிப்புக் கம்பெனிக்குச் சொந்தம். அம்மா காசு கொடுத்து ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படங்களின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அம்மாவுடையது. அட்டைக்கு அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு ஆவணங்கள் உடனே வேண்டும். ஒன்று, உங்களுக்கும் அம்மாவுக்கும் இடையே: கதை அவருடையது, எழுத்து உங்களுடையது, தலைப்புப் பக்கத்தில் யார் பெயர் எப்படி வரும், ராயல்டி எப்படிப் பிரியும், எந்தப் பகுதியை நீக்கவும் அவருக்கு உரிமை உண்டு என்பதெல்லாம் ஒரே பக்கத்தில். அம்மா-மகளுக்கு நடுவே ஒப்பந்தமா என்று தோன்றும். அண்ணன் இருக்கிறார், அதனால்தான் சொல்கிறேன். மற்றது, உயில். அச்சாகாத கையெழுத்துப் பிரதியை உயிலில் ஒருவருக்கு எழுதி வைத்தால், வேறுவிதமாகச் சொல்லாதவரை, எழுதியவருக்கு அதில் இருந்த பதிப்புரிமையும் அதைப் பெறுபவருக்கே போகும் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு. டைரிகள் யாருக்கு என்று அம்மா பெயர் சொல்லி எழுதட்டும். அண்ணனையும் பக்கத்தில் உட்காரவைத்தே அதைச் செய்யுங்கள். தெரியாமல் செய்தால் சந்தேகம்தான் வளரும்.

கடைசியாகப் பதிப்பகம். கடிதம் இல்லாமல் புத்தகம் வேண்டாம் என்பவர்களை விட்டுவிடுங்கள். டைரிப் பக்கத்தைக் காட்டினால் வேறு பதிப்பகம் வரும். யார் வந்தாலும் ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைப் பாருங்கள். படமாக்கும் உரிமையையும் வெப் சீரிஸ் உரிமையையும் புத்தக உரிமையோடு சேர்த்து எழுதி வாங்குவார்கள், பிரித்து எடுங்கள். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் விட்டால் சட்டம் ஐந்தாண்டு என்று எடுத்துக்கொள்ளும், ஆனால் "பதிப்புரிமைக் காலம் முழுவதும்" என்று ஒரு வரி உள்ளே ஒளிந்திருந்தால் போச்சு. வழக்கு வந்தால் முழுச் செலவும் எழுதியவரே ஏற்க வேண்டும் என்ற வரிக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். எந்தப் பகுதியால் வழக்கு வரும் என்று அவர்களும் படித்துப் பார்த்துத்தானே அச்சிடுகிறார்கள்! ராயல்டி வழக்கமாகப் பத்து சதவீதம். அம்மா பேருக்கே வரட்டும், அவர் வங்கிக் கணக்குக்கே வரட்டும், மாமா வழியாக வேண்டாம். நகலை எனக்கு அனுப்புங்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்பு.

அன்புடன்,
பதிப்பாசிரியர்